எட்டாம் நம்பர் கால்

ஜூன் 18

எட்டாம் நம்பர் கால் உடைய என் அன்புச் சித்தப்பாவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே வால் நலம், வால் ஒட்டியிருக்கும் உடம்பும் நலம். அங்கே உங்கள் தலை, கை, வாய் எல்லாம் நலமாகத்தான் இருக்கும், குறிப்பாக வாய். நான் விசாரிப்பது குதிகாலை மட்டும். அதற்குக் குதிகால் என்று பெயர் வைத்தவர் உங்களைப் பார்த்ததில்லை. அது குதித்துப் பல மாதம் ஆகிறது.

நம் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மேல் இல்லை என்று என்னைக் கொண்டுவந்து போட்டீர்களே, இந்த விடுதியில் எல்லாவற்றுக்கும் மணி. எழ மணி, குளிக்க மணி, சாப்பிட மணி. தும்முவதற்கு மட்டும் இன்னும் அடிக்கவில்லை. போன் உண்டு. வார்டன் மேசையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும். நாம் பேசும்போது அவர் எதிரில் உட்கார்ந்து நகம் வெட்டுவார். அந்த 'டிக் டிக்'குக்கு நடுவில் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறென்ன பேச முடியும்? ஆகவே கடிதம்.

வந்த வாரமே ஒரு சேவை செய்தேன். குளியலறைக் கதவில் 'வெந்நீர் வேண்டுவோர் சாவியை வார்டனிடம் பெற்றுக்கொள்ளவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். வெந்நீரும் கிடையாது, சாவியும் கிடையாது. மொத்த மாடியும் பக்கெட்டோடு வார்டன் அறை வாசலில்! தண்டனையாகப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்தது நான் ஒருத்திதான் என்பது சிறு குறை.

சாயங்கால மணி அடித்தால் மட்டும் கால் தானாக வாசல் பக்கம் போகிறது. இந்நேரம் நீங்கள் ஷூக் கடையிலிருந்து வருவீர்கள், காலில் யாருடையதோ புது ஷூ. "இன்னைக்கு யாரு?" என்று கேட்பேன். "ஜட்ஜு" என்பீர்கள். அவ்வளவுதான், தெரு முழுக்க ஜட்ஜ் நடை. தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்து "ஆட்சேபணை ஏற்கப்படவில்லை" என்று நீங்கள் சொன்னதும் விளக்கு அணைந்துபோனது நினைவிருக்கிறதா? சலவைக் கடை நீராவி, அச்சகத்துக்குப் பின்சந்து, பாலத்துக் கைப்பிடிச் சுவர், கடைசியில் பார்மசி வாசலில் எடை மெஷின். நான் நடை பழகியதே வேறு யார் யாரோ நடையில்தான்.

வாங்கியவரைப் புது ஷூ கடிக்கக் கூடாது என்பதற்காக, கடையில் வேலை செய்பவரே சில நாள் போட்டு நடந்து பழக்கிக் கொடுப்பார் என்று இங்கே சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. யாருடைய ஷூ இப்போது காலில்? விவரமாக எழுதுங்கள். ஆதாரம் வேண்டும்.

அம்மா எழுதியிருந்தாள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களாம். அவள் ஒரு டாக்டரைக் கண்டுபிடித்து அக்குபஞ்சருக்குப் போகச் சொன்னால், அக்கு வேறு பஞ்சர் வேறாகக் கழற்றிப் போட்டுவிட்டீர்களாமே?

பதில் வரும் வரை விரிப்பு மடிக்கும்,
வாலு


ஜூலை 3

அன்புள்ள வாலுக்கு,

தலை எழுதிக்கொள்வது. இங்கே அண்ணி நலம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊரையே குத்திவிட்டு மாலையில் களைத்து வருகிறாள். கப்பலில் உன் அப்பா நலம் என்று தகவல். நீ நலமாக இருப்பதை வார்டனுடைய நலத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அவர் எப்படி இருக்கிறார்?

கால் ஒழுங்கான அரசாங்க ஊழியர் மாதிரி. காலையில் முதல் அடி வைத்ததும் வலி கையெழுத்துப் போட்டுவிடும். யாரோ குதிகாலுக்குள் ஒரு கோட்டுப் பொத்தானை வைத்துத் தைத்துவிட்டது போல இருக்கும். பிறகு டீ குடிக்கப் போய்விடும். மாலையில் கடை மூடும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வரும்.

அதற்காக ஊசியா? அந்தச் சொல்லைப் பார். முதல் எழுத்தே அலறல். ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும்போதே குத்திப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஆகாது என்று உனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். நம் தெருவிளக்குக் கம்பத்துக்கே தெரியும்.

சரி, ஆதாரம். இந்த வாரம் பல் டாக்டர். கறுப்பு, முனை கூர், நடந்தால் மெல்ல 'க்ரீச்' என்னும். அதைப் போட்டுக்கொண்டு அச்சகச் சந்தில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். சலவைக் கடைக்காரர் கொட்டாவி விட ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில் போய், "வலது பக்கம், மேல் வரிசை, கடைசிப் பல்" என்றேன். மனுஷர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எப்படித் தெரிஞ்சுது?" என்றார். "ஷூ சொல்லுச்சு" என்று வந்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. விரிப்பை நாலாக மடி, ஆறாக மடித்தால் சுருங்கும்.

உன்
சித்தப்பா


ஜூலை 13

மதிப்பிற்குரிய பல் டாக்டர் சித்தப்பாவுக்கு,

வாலுவின் முப்பத்திரண்டு பற்களும் வணங்கி எழுதுவது. நலம், நலம், கடைவாயில் ஒன்று மட்டும் சற்று நலமில்லை, அதை உங்களிடம் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தைப் படுக்கையில் உட்கார்ந்து படித்துச் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, பெயர் குறட்டை, பகலில் பேசமாட்டாள், இரவில் நிறுத்தமாட்டாள், அவள் எட்டிப் பார்த்து, "என்ன அது?" என்றாள். வாசித்துக் காட்டினேன். கொட்டாவி இடத்தில் அவளும் சிரித்தாள். எதிர்க் கட்டில் இரண்டு பேரும் வந்தார்கள். "இன்னொரு தடவை படி" என்றார்கள். இங்கே வந்ததிலிருந்து என்னிடம் யாரும் இன்னொரு தடவை எதையும் கேட்டதில்லை. ஆகவே அடுத்த ஷூவுக்கு நாங்கள் நான்கு பேர் காத்திருக்கிறோம்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட என்னைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள். குத்தியது என்னை. விழுந்தது நீங்கள். நர்ஸ் என்னை மேசையில் போட்டுவிட்டு உங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தாராம். நான் அழவே இல்லையாம், கீழே கிடந்த உங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனாம். அம்மா இதை எத்தனை விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறாள்!

அவ்வளவு சின்ன வயதில் நானே தாங்கியதை, இவ்வளவு பெரிய வயதில் நீங்கள் தாங்க முடியாதா? காலுக்குப் பஞ்சர் போட்டால் காற்றா போய்விடும்? போகவில்லை என்றால் அடுத்த கடிதத்தில் இந்தத் தடுப்பூசிக் கதையை அறைக்கு வாசித்துக் காட்டுவேன். பல் டாக்டரின் மானம் என் கையில்.

மிரட்டலுடனும் அன்புடனும்,
வாலு


ஜூலை 29

அன்புள்ள வாலுக்கு,

தலையும் காலும் சேர்ந்து எழுதிக்கொள்வது. இரண்டும் உயிரோடு, ஒரே உடம்பில் இருக்கின்றன. கடைவாய்ப் பல்லை உடனே காட்டு. இது பல் டாக்டர் உத்தரவு இல்லை, என் உத்தரவு.

போனேன். கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, மாடியில். கால்வலிக்காரர்களுக்கு மாடியில் வைத்தியம்! ஏற முடிந்தவனுக்கு வைத்தியம் தேவையில்லை, ஏற முடியாதவன் வரப்போவதில்லை, மொத்தத்தில் டாக்டருக்கு நல்ல பெயர். வாசலில் மர அடுக்கு. ஷூ, செருப்பு எல்லாம் அங்கே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். நான் போட்டுப் போனது வங்கி மேனேஜரின் புது ஷூ, பழக்குவதற்கு வந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு மனிதர் படம். உடம்பெல்லாம் புள்ளி, புள்ளிக்குப் புள்ளி கோடு, பஸ் போகும் வழி மாதிரி. இந்த நிலைமையிலும் அவர் முகத்தில் புன்னகை. திரைக்குப் பின்னால் டாக்டரம்மா குரல்: "மூச்சை இழுங்க. ஆச்சு." உள்ளே படுத்திருந்தவர், "ஆச்சா?" என்றார். வெளியே எனக்கு எல்லாமே ஆகிவிட்டது.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன். அவர் என் முழங்கை அருகிலேயே இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். "இந்தத் தண்ணி இல்லைங்க, வேற தண்ணி" என்றேன்.

வேறு தண்ணீரைத் தேடி வீடு வரை வந்துவிட்டேன். கதவைத் திறந்த அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேனேஜர் ஷூவா இது? ரெண்டு மகாயுத்தம் பார்த்த மாதிரி இருக்கு?" என்றாள். குனிந்தேன். யாருடையதோ பழுப்பு ஷூ. தேய்ந்த குதிகால், ஒட்டுப்போட்ட அடி. வாலு, வேறு எவனாக இருந்தாலும் மாடிப்படியிலேயே 'இது என்னுடையது இல்லை' என்று கால் சொல்லியிருக்கும். என் கால் சொல்லாது. தன்னுடையது எது என்றே அதற்குத் தெரியாது. எட்டாம் நம்பரைக் கண்டால் ஏறிக்கொள்ளும், ஏற்றிக்கொண்டு போகும்.

திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியுமா? மறுநாள் போனேன். மாடிப்படியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், மேனேஜர் ஷூவோடு காத்திருந்தார். "தண்ணி குடிக்கப் போன ஆளு நீதானா? நேத்து பூரா இதைப் போட்டுக்கிட்டுதான் சுத்தினேன். நாய் மாதிரி கடிக்குதுய்யா." நான் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அவரே செய்துவிட்டார். நன்றி சொல்லித் திரும்புவதற்குள் டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். "தண்ணி கிடைச்சுதா?" என்றார். பிறகு, "வந்து படுங்க" என்றார். உன் வார்டனுக்கு அக்காவாக இருக்க வேண்டும்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பஞ்சால் துடைத்தபோது அலறினேன். ஊசி போட்டபோது, "இன்னும் துடைக்கறீங்களா?" என்று கேட்டேன். டிரைவர் பக்கத்துக் கட்டிலில் இருமி இருமிச் சிரித்தார். வலி இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கொசு உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி ஒன்று, அப்புறம் கணுக்காலுக்குள் ஈரமண் மூட்டை வைத்த மாதிரி ஒரு கனம். கண்ணை மட்டும் திறக்கவில்லை. இரண்டாம் தடவை போன பிறகு, ஒரு நாள் காலையில் இறங்கி ஜன்னல் வரை போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் சுவரைப் பிடிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா வேறு ஒன்றும் சொன்னார். அது கிடக்கட்டும்.

தடுப்பூசிக் கதை வெளியே போகக் கூடாது.

மானத்தைக் காத்துக்கொண்ட
சித்தப்பா


ஆகஸ்டு 9

வீரத்தின் விளைநிலமே, சித்தப்பா,

நலமா என்று கேட்கமாட்டேன். ஜன்னல் வரை நடந்தவருக்கு நலத்துக்கு என்ன குறை? நானும் நலம். பல்லைக் காட்டினேன், அடைத்துவிட்டார்கள். அங்கேயும் ஊசிதான். விழவில்லை.

'வேற தண்ணி' இப்போது இந்த மாடியின் பொதுச் சொல்லாகிவிட்டது. கணக்கு வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மிஸ், வேற தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, வகுப்பு மேசைக்கு அடியில் கிடந்தது. சனிக்கிழமை தலை வாரிக்கொள்ளும் நேரத்தில் மற்ற அறைகளிலிருந்தும் வருகிறார்கள். கட்டில் மேல் நின்று, நீங்கள் நடப்பது மாதிரி நடந்து காட்டி வாசிக்கிறேன். என் பெயர் இப்போது 'ஷூக்காரி'. சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். முன்பெல்லாம் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். காற்று நன்றாக வரும்.

கால் சரியாகிவிட்டது அல்லவா? இனி பழைய மாதிரி முழுச் சுற்று நடக்கலாம். பாலத்தை விட்டுவிடாதீர்கள். பாலத்தில்தான் உங்களுக்கு நல்ல நல்ல யோசனை வரும். இந்தத் தடவை பெரிய கதையாக வேண்டும்.

விசிறிகள் சார்பில்,
ஷூக்காரி


செப்டம்பர் 2

அன்புள்ள ஷூக்காரிக்கு,

செருப்புக்காரன் எழுதுவது. நலம். பதில் தாமதம், கடையில் வேலை. சாப்பாட்டு மேசையில் இடம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். நானும் சில தடவை படித்தேன்.

பெரிய கதை கேட்டாய். மாப்பிள்ளை ஷூ! எட்டாம் நம்பர் வந்தால் எனக்குச் சொந்த வீடு, ஒன்பது வந்தால் இரட்டை சாக்ஸ் போட்ட வீடு. இது ஏழு. அதாவது வாடகை அறை. ஆள் ஆறடி, கால் மட்டும் குழந்தைக் கால். கல்யாணத்தன்று கடித்தால் போட்டோவில் முகம் கோணும் என்று பயந்து கொண்டுவந்து கொடுத்தான். விரலை மடக்கி உள்ளே குடிவைத்தேன்.

மாப்பிள்ளை ஷூவின் குணம் என்ன தெரியுமா? அது நமக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, 'வாயேன்' என்று கூப்பிடும். சலவைக் கடையைத் தாண்டும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக வந்துவிட்டது. போட்டோ ஸ்டூடியோ கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சரிசெய்தேன். உள்ளேயிருந்து ஸ்டூடியோக்காரர் ஓடிவந்து, "கல்யாணமா சார்? சொல்லவே இல்லையே!" என்றார். "ஷூவுக்குத்தாங்க கல்யாணம். நான் துணைக்கு வந்திருக்கேன்" என்றேன். மனுஷர் விடவில்லை. ஷூவை மட்டும் ஒரு படம் எடுத்தார். பொண்ணு எங்கே என்று கேட்டார். எதிர்க் கடை வாசலில் கிடந்த ஒரு ரப்பர் செருப்பைக் காட்டினேன். "ஜோடி சரியில்லையே" என்றார். "பார்க்கப் பார்க்கப் பழகிடும்" என்றேன்.

பாலத்தில் கைப்பிடிச் சுவர் பக்கமாகவே போனேன், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. பார்மசிக்காரர் வாசலில் நாற்காலி போட்டார். அவரோடு கடை மூடும் வரை பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர், வீடு வரை கூடவே வந்தார்.

கொஞ்சம் மழைக்காலம், அதனால் கால் கொஞ்சம் முணுமுணுக்கிறது. அவ்வளவுதான்.

உன்
சித்தப்பா


செப்டம்பர் 12

சித்தப்பா, சித்தப்பா, சித்தப்பா,

நலமும் விசாரிப்பும் அவசரமாக: நான் நலம், நீங்கள் நலம், அம்மா நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை ஷூ வெற்றியோ வெற்றி! கதவுக்கு வெளியே வரைக்கும் கூட்டம். 'வாயேன்' என்று நான் கூப்பிட்ட இடத்தில் ஒருத்தி கட்டிலிலிருந்து உருண்டாள். சத்தம் கேட்டு வார்டனே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். கதவோரம் நின்றவர், "அந்த ரப்பர் செருப்புக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்!

அடுத்த மாதம் விடுதி ஆண்டு விழா. மேடையில் நான் தனியாக நின்று சித்தப்பா கதை சொல்ல வேண்டுமாம், வார்டன் உத்தரவு. அதற்கு இதுவரை வராத ஷூ வேண்டும். பெரிய பூட்ஸ். தீயணைப்புக்காரர் யாராவது உங்கள் கடைக்கு வரமாட்டாரா? கனமான பூட்ஸில் நீங்கள் எப்படி நடப்பீர்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. எழுதுங்கள், எழுதுங்கள், எழுதுங்கள்.

மேடை ஏறப்போகும்,
வாலு


அக்டோபர் 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

விழா முடிந்துவிட்டது. உங்கள் கடிதம் வரவில்லை. பழைய பல் டாக்டரையே சொன்னேன், கை தட்டினார்கள். தபால்காரர் வரும்போது நான் மாடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்று வார்டன் புகார். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, "அவர் தூங்கறார்" என்கிறாள். சாயங்காலத்தில் நீங்கள் எப்போது தூங்கியிருக்கிறீர்கள்? போன வாரமும் தூக்கம், இந்த வாரமும் தூக்கம். குறட்டைக்கு உறவாகிவிட்டீர்களா?

கோபமா? பூட்ஸ் கிடைக்கவில்லையா? கிடைக்காவிட்டால் செருப்பு போதும். ஒரு வரி போதும்.

வாலு


அக்டோபர் 26

அன்பு மகளுக்கு,

அம்மா. நீ நலமாக இரு. உன் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது, நலம்.

எழுதக் கூடாது என்று உன் சித்தப்பா சொல்லியிருக்கிறார். எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. மூன்று வாரமாக அவரால் இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. நீ பூட்ஸ் கேட்டாய் என்று தீயணைப்பு நிலையத்துக்கே போய் ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு பாலம் வரை போனார். திரும்ப முடியவில்லை. பார்மசிக்காரர் மருந்துப் பெட்டி ஏற்றும் வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார்.

டாக்டரம்மா முதல் நாளே சொன்னாராம், "அடுத்தவங்க ஷூவை இனிமே காலில் போடக் கூடாது" என்று. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். என் எதிரிலேயே சொன்னார்: "நான் வாரா வாரம் சரி பண்றதை நீங்க தினமும் சாயங்காலம் கெடுத்துட்டு வர்றீங்க. முதல்ல அதை நிறுத்துங்க. அப்புறம் ஊசியைத் தொடறேன்." ஊசிக்குப் பயந்து ஓடிய மனிதர், "இன்னும் ரெண்டே ரெண்டு கதைதான், நீங்க பாட்டுக்குப் போடுங்க" என்று கெஞ்சினார். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். கடையில் போன வருடமே ஷூ விரிக்கும் மெஷின் வாங்கிவிட்டார்கள். பழக்கிக் கொடுக்கும் வேலை இப்போது இல்லை. இவர்தான் முதலாளியிடம், "மெஷின் விரிக்கும், நடக்குமா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டு வருவார். "என்னத்துக்கு?" என்று கேட்டேன். "வாலுக்கு மேசையில இடம் வேணும்ல அண்ணி" என்றார்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ சொன்னால்தான் கேட்பார்.

அம்மா


நவம்பர் 2

சித்தப்பா,

உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று முதல் வரியில் கேட்டுவிட்டு இரண்டாம் வரியில் கதை கேட்டவள் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் இரண்டாம் வரி இல்லை. கால் எப்படி இருக்கிறது?

அம்மா எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். திட்டினால் ஊசி எடுப்பாள், அவள் ஊசி டாக்டரம்மா ஊசி மாதிரி மெல்லியது இல்லை.

சனிக்கிழமை வழக்கம்போலக் கூடினார்கள். கட்டில் மேல் ஏறாமல் உட்கார்ந்தே சொன்னேன், ஷூ கதை தீர்ந்துபோச்சு என்று. "ஏன்?" என்றார்கள். சொன்னேன். பிறகு குறட்டைதான், "நாம யாருமே ஒரு தடவைகூட அவர் கால் எப்படி இருக்குன்னு கேக்கலையே" என்றாள். பகலில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். மறுநாள் கதையும் இல்லை, ஒன்றும் இல்லை, ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன். குறட்டை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இங்க காத்து நல்லா வருது" என்றாள். இடம் கிடைத்துவிட்டது, சித்தப்பா. இனி நீங்கள் நடந்து வாங்கித் தர வேண்டாம்.

பூட்ஸைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் போய்ப் படுங்கள். கண்ணை மூடிக்கொண்டே படுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? எனக்கு நீதிபதி, மாப்பிள்ளை, பல் டாக்டர் யாரும் எழுத வேண்டாம். நீங்கள் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள்.

வாலைச் சுருட்டிக்கொண்ட,
வாலு


நவம்பர் 24

அன்புள்ள வாலுக்கு,

நலம் என்று எழுதக் கை போனது. நிறுத்தினேன். பரவாயில்லை என்று எழுதுகிறேன். கையில் ஒரு தடி இருக்கிறது. ஊன்றினால் வலிக்கிறது, முன்பு மாதிரி இல்லை. டாக்டரம்மா மீண்டும் சேர்த்துக்கொண்டார். வாசலில் என் காலைப் பார்த்து, "இது யாரோடது?" என்றார். "என்னோடதுங்க. நேத்துதான் வாங்கினேன்" என்றேன். சோதித்துத்தான் உள்ளே விட்டார்.

நேற்று முதல்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். நரைத்த முடி மாதிரி இருக்கிறது, வாலு. கெண்டைக்காலில் ஒன்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று, மூச்சு விட்டால் மெல்ல ஆடுகிறது. இதற்கா பயந்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. இப்போதும் பயம்தான். திறந்த கண்ணோடு பயந்தேன், அவ்வளவே.

இன்று ஒன்றும் நடக்கவில்லை. நானும் நடக்கவில்லை. கடையில் கண்ணாடி ஓரமாகக் குட்டை ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அளவெடுக்கும் வேலை. ஒரு பொடியன் கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தான். விரியும் வரை காத்திருந்தேன். மெஷின் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. மத்தியானம் மழை. பஸ் டிரைவர் உள்ளே வந்து ஒதுங்கி, டீ குடித்துவிட்டு, எதுவும் வாங்காமல் போனார். மழை விட்டது. கடை மூடினோம்.

அண்ணி உனக்கு என்ன எழுதியிருப்பாள் என்று தெரியும். நீ கேட்டதற்காகத்தான் நடந்தேன் என்று எழுதியிருப்பாள். அதில் பாதிதான் சரி. நீ கேட்காவிட்டாலும் நடந்திருப்பேன். கடை மூடியதும் நேராக வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்து "இன்னைக்கு யாரு?" என்று கேட்க ஆள் இல்லை. அண்ணி வர நேரம் ஆகும். வீட்டில் குழாய் சொட்டுவது அறை அறையாகக் கேட்கிறது. வேறு யாராவது மாதிரி நடந்தால் நேரம் போகும். நானாகவே நடந்து வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது நேராகத்தான் வருகிறேன். வேறு வழியில்லை, டாக்டரம்மா உத்தரவு. வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கிறேன். விளக்கைப் போடுகிறேன். சொட்டுகிற குழாயை இன்னும் சரிசெய்யவில்லை.

கதை இல்லை. எழுதிப் பார்த்தேன், இவ்வளவுதான் வந்தது.

உன்
சித்தப்பா


டிசம்பர் 4

என் சித்தப்பாவுக்கு,

நான் நலம். உங்களுக்குப் பரவாயில்லை என்பதில் எனக்கு மிக மிக நலம்.

சனிக்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். "சித்தப்பா கடிதம் வந்துச்சாமே, படி" என்றார்கள். கையில்தான் வைத்திருந்தேன். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். "என்ன எழுதியிருக்காரு?" என்றாள் ஒருத்தி. "மழை பேஞ்சுதாம். விட்டுடுச்சாம்" என்றேன். "அவ்வளவுதானா? இதை வெச்சுக்கிட்டா அப்படி முழிக்கறே?" என்றாள். ஆமாம் என்றேன். குறட்டை என்னைப் பார்த்துவிட்டு, சீப்பை அவர்கள் கையில் கொடுத்து, "போங்கடி, தலையை வாருங்க" என்று துரத்திவிட்டாள்.

உங்கள் கடிதங்களிலேயே யாருக்கும் வாசித்துக் காட்டாதது இது ஒன்றுதான். இது எனக்கு மட்டும் வந்தது.

இருபதாம் தேதி லீவு விடுகிறார்கள். பஸ் நிலையத்துக்கு வராதீர்கள். வாசலுக்கும் வராதீர்கள். கதவைத் தாழிடாமல் வைத்துவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருங்கள். தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சத்தம் போடுங்கள், குழாய்க்குக் கேட்கிற மாதிரி.

வந்துகொண்டே இருக்கும்,
வாலு